ஃபாக் பெல்லுக்கு எழுதிய அட்டை

ஆல்டர் ஃபோர்க் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் கஞ்சாப் பூவைப் பார்க்க மாட்டார்கள். ஜாடியின் கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் அட்டையைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த அட்டையை எழுதுகிறவள் ரோவீனா பிக்ஸ்பி. அறுபத்திரண்டு வயது, கல்லாவுக்கு இடதுபுறம் உயரமான முக்காலி, காதில் செருகிய பென்சில். உரிமம் வாங்கிய கஞ்சாக் கடை ஹம்போல்ட் மாவட்டத்தில் தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கிறது. இருந்தாலும் இருபது மைல் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இங்கே வருகிறவர்கள் ரோவீனாவின் ஏழு வரிக்காகத்தான் வருகிறார்கள் என்று கடைக்காரி டெல்ஃபினாவே சொல்வாள்.

ஏழு வரிதான். அட்டையில் அதற்கு மேல் இடம் கிடையாது. 'லெமன் ஸாடில்' என்ற ரகத்துக்கு அவள் எழுதியது இது: "பத்து நிமிடத்தில் ஏறும். பாத்திரம் கழுவ ஆசை வரும். கழுவியதையே மறுபடி கழுவுவீர்கள். சிரிப்பு வரும், காரணம் இருக்காது. இரண்டு மணி நேரத்தில் இறங்கும். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டாம். புதியவர்கள் ஒரே ஒரு இழுப்போடு நிறுத்துங்கள்."

இதை எழுத அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வயிற்றில் இரண்டு முட்டையும் ஒரு துண்டு ரொட்டியும். சமையலறை மேஜையில் கடிகாரம், நோட்டு, ஓர் ஆரஞ்சு, ஊசி, நூல். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க உட்காருவாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியில் நூல் கோர்த்துப் பார்ப்பாள். கை எப்போது தடுமாறுகிறது என்று நோட்டில் குறிப்பாள். அரை மணி கழித்து ஆரஞ்சை உரிப்பாள். தோல் ஒரே சுருளாக வந்தால் ஒரு கணக்கு, துண்டு துண்டாகப் பிய்ந்தால் வேறு கணக்கு, உரித்ததை மறந்து ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தனிக் கணக்கு. ஒரு மணி நேரம் ஆனதும் ஸ்டாக்டனில் இருக்கும் தங்கை ஐடெல்லாவுக்குப் போன் போடுவாள். ஐடெல்லா தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவள், இந்தச் சமாசாரமே பிடிக்காது. ஆனாலும் அக்காவின் குரலை வைத்துத் தீர்ப்பு சொல்ல அவளைப் போல ஆள் கிடையாது. "இன்னைக்கு நீ பேசறது ரேடியோல பேட்டரி தீர்ற மாதிரி இருக்கு" என்பாள். அதுவும் நோட்டில் ஏறும்.

நான்கு ஆண்டுகளில் நூற்று எண்பது ரகங்கள். ஒன்றைக்கூட அவள் இழுத்துப் பார்க்காமல் எழுதியதில்லை. அக்டோபர் மாதம் விவசாயி லைல் டேவெனி 'ஃபாக் பெல்' என்ற புது ரகத்தைக் கொண்டு வரும்வரை.

ரோவீனா இந்த மலைக்கு வந்தது எண்பத்து மூன்றில். ஸ்டாக்டனில் தக்காளிப் பண்ணை வேலையை விட்டுவிட்டு ஒருவனோடு பழைய வேனில் வந்தாள். அவன் இரண்டு குளிர்காலம் தாங்கினான், அவள் தங்கிவிட்டாள். அன்றைக்கெல்லாம் யாரும் கஞ்சா என்ற வார்த்தையையே வாயில் எடுக்க மாட்டார்கள். "தோட்டம்" என்பார்கள், அவ்வளவுதான். அறுவடைக் காலத்தில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்து, கத்தரிக்கோலால் பூவைச் சுற்றியிருக்கும் இலையைக் கத்தரிப்பார்கள். விரலெல்லாம் கறுப்புப் பிசின். போலீஸ் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எல்லார் கையும் ஒரே நேரத்தில் நிற்கும். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி கத்தரிக்கும்.

பிறகு பத்தொன்பது வருடம் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எந்த வளைவில் எந்தப் பிள்ளை வாந்தி எடுக்கும் என்று ஏறும்போதே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து இன்றைக்குக் கடையில் அவள் முன்னால் நிற்கிறார்கள். டெல்ஃபினாவும் அந்தப் பேருந்தில் மூன்றாவது இருக்கையில் வந்தவள்தான். கஞ்சா சட்டபூர்வமாகி டெல்ஃபினா கடை திறந்த முதல் வாரம், ரோவீனா சும்மா எட்டிப் பார்க்கப் போனாள். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் ஜாடிகளைப் பார்த்து மலைத்துப்போய், இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். கடையில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ரோவீனா ஒரு ரசீதின் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் படித்துச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் டெல்ஃபினா வெள்ளை அட்டை ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தாள்.

அட்டையில் இல்லாத ஒன்று எண். அது ஜாடியிலேயே ஒட்டியிருக்கும். பூவில் போதைச் சத்து எத்தனை சதவீதம் என்று ஆய்வுக்கூடம் கொடுக்கிற எண் அது. எண் முப்பதைத் தாண்டினால்தான் சரக்கு நகரும். இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் மணம் எப்படி இருந்தாலும் ஜாடி தூசி படிந்துகொண்டே கிடக்கும். அதனால் விவசாயிகள் ஒரு வேலை செய்வார்கள். பூவை உதிர்த்தால் அடியில் படிகிற பிசின் தூளை எடுத்து, ஆய்வுக்கு அனுப்பும் பூவில் புரட்டி அனுப்புவார்கள். பலகாரத்தில் சர்க்கரைப் பொடி தூவுகிற மாதிரி. இருபத்திரண்டு சதவீதப் பூ முப்பத்திரண்டு என்று சான்றிதழ் வாங்கி வரும். எல்லாரும் செய்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. மலைக்காரர்கள் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டுதான் ஜாடியைப் பார்ப்பார்கள். முப்பத்திரண்டு என்றால் இருபத்திரண்டு. அந்தக் கழித்தல் ரோவீனாவுக்கும் கண் இமைப்பது போலப் பழகிப்போயிருந்தது.

லைல் டேவெனி முப்பது வருடப் பழக்கம். ஒல்லியான ஆள், தொப்பியில்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஆய்வுக்கூடத்துக்குத் தூள் புரட்டி அனுப்புவதில் கைதேர்ந்தவன் என்று ஊரில் பேர். ஃபாக் பெல்லை அவன் நான்கு வருடமாகக் கலந்து வளர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தான். மலைமேல் தன் சொந்தப் பழைய ரகம் ஒன்று, கடலோர ஈரத்தைத் தாங்குகிற இன்னொன்று, இரண்டின் கலப்பு. அறுபது செடி வளர்த்து ஐம்பத்தொன்பதைப் பிடுங்கிப் போட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டான். ஜாடியைத் திறந்தால் ஈரமான தேவதாரு மரப்பட்டையும் கறுப்பு மிளகும் சேர்ந்த மணம். எண் முப்பத்தொன்று புள்ளி நான்கு.

கல்லாவில் சாய்ந்துகொண்டு, இந்தத் தடவை தூள் புரட்டவில்லை என்று சொன்னான். ரோவீனா சிரித்தாள். எல்லாரும் சொல்வது அதுதான்.

அந்த வாரம் அவளுக்குச் சரியான சளி. மூக்கு அடைத்து, தொண்டை புண்ணாகி, தேநீர்கூட விழுங்க முடியவில்லை. புகை இழுப்பதை நினைக்கவே முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் அட்டை வேண்டும் என்றாள் டெல்ஃபினா. அறுவடை மாதத்தின் சனிக்கிழமைகளில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அட்டை இல்லாத ஜாடியை யாரும் தொடமாட்டார்கள். ரோவீனா லைலின் பழைய ரகங்கள் மூன்றுக்கு எழுதிய நோட்டைப் புரட்டினாள். இதுவும் அவற்றின் தம்பிதானே என்று தோன்றியது. பென்சிலை எடுத்து எழுதினாள். முதல் வரி: "எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இருபத்தொன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்." இரண்டாவது வரி: "வழக்கமான அளவே போதும்." மற்ற ஐந்தும் வலி, தூக்கம், பசி பற்றியவை.

அந்த அட்டையை நம்பி முதலில் வாங்கியவர் ஹாலிஸ் குரம்.

ஹாலிஸுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருடம் மரக்கட்டை லாரி ஓட்டியவர். முதுகில் இரண்டு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ஆறு வருடம் வலி மாத்திரை. அந்த ஆறு வருடம் அவர் வீட்டில் இருந்தாரே தவிர வீட்டில் இல்லை என்று அவர் மனைவி வெர்னா ஊரில் சொல்லியிருக்கிறார். பகலில் தூங்கி, சாப்பாட்டு மேஜையில் தலை தொங்கி, பேரனின் பிறந்த நாளன்று காரிலிருந்து இறங்காமலேயே இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் தானே கடைக்கு வந்து ரோவீனாவிடம் கேட்டார். அவள் மென்மையான ரகம் ஒன்றைக் கொடுத்து அவர் டாக்டரிடமும் சொல்லச் சொன்னாள். எட்டு மாதத்தில் மாத்திரை நின்றது. இப்போது தினமும் மாலை நான்கு மணிக்கு லாரிக் கொட்டகையில் நாற்காலி போட்டு மூன்று இழுப்பு. அதற்கு மேல் தொடமாட்டார்.

அந்த வியாழக்கிழமையும் மூன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கடைத் தொலைபேசியில் வந்தவர் வெர்னா. அட்டை எழுதுகிறவரிடம் பேச வேண்டும் என்றார். நடந்ததை ஒரு பட்டியல் போலச் சொன்னார். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஹாலிஸ் எழுந்து நின்றார், இருதயம் வெடிக்கிறது என்றார், உட்காரத் தெரியாதவர் போல நின்றபடியே சாய்ந்தார். சரளைக் கல்லில் நெற்றி அடிபட்டது. ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் ஏறிவர நாற்பது நிமிடம். அத்தனை நேரமும் தான் சாகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் இருதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். நெற்றியில் நான்கு தையல்.

"அத நீங்க இழுத்துப் பார்த்துட்டுத்தானே எழுதினீங்க?" என்று கேட்டார் வெர்னா.

ரோவீனாவுக்கு ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வழக்கமாக வராத பொய் என்பதால் அதற்கு வெளியே வரத் தெரியவில்லை.

"இல்ல" என்றாள்.

வெர்னா அமைதியாகச் சொன்னார். "வாங்கினத அடுப்புல போட்டுட்டேன். அவரு இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டாரு. புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கோம். பழைய மாத்திரையே எழுதிக் குடுக்கச் சொல்லி." போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை. நடுவில் நான்கு நாள். தையல் போட்ட நெற்றி ஆறிவிடும். அந்த மாத்திரை மறுபடி வீட்டுக்குள் வந்தால் அதை வெளியே அனுப்ப இன்னொரு எட்டு மாதம் ஹாலிஸிடம் இருக்கிறதா என்பதுதான் ரோவீனாவைப் பிடித்து உலுக்கியது.

மத்தியானம் லைல் வந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கல்லாமேல் வைத்தான். அவன் தலை வழுக்கை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தூள் புரட்டலன்னு சொன்னேனே" என்றான்.

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க லைல். நீயே பத்து வருஷமா அதத்தான் சொல்லிட்டிருந்த."

"முப்பது வருஷத்துல மொத மொறையா நெசத்தச் சொன்னேன். அதுலயும் நீ பத்து கழிச்சுட்ட."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் உறைத்தது. இந்த மலையில் ஊரே சேர்ந்து எண்ணைக் கூட்டியது, ஊரே சேர்ந்து கழித்தது. இரண்டும் சமமாகிவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கூட்டாமல் வந்த அன்றைக்குக் கழிக்கிற கை மட்டும் நிற்கவில்லை.

ரோவீனா பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதினாள். "இதை நான் பார்க்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது. முப்பத்தொன்று என்பது முப்பத்தொன்றுதான். மிகவும் பலமானது. இதைப் புகைத்த ஒருவர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று." நான்கு வரியோடு நிறுத்திக்கொண்டாள். இனி யாரும் வாங்கமாட்டார்கள் என்று லைலிடம் வருத்தத்தோடு சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு யுரேக்காவிலிருந்து மூன்று இளைஞர்கள் வந்தார்கள். முதலாமவன் அட்டையைப் படித்துவிட்டு மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினான். படம் எடுத்து இணையத்தில் போட்டான். மூவரும் வாங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு வேறு நான்கு பேர். அவர்கள் ஜாடியைக்கூடத் தேடவில்லை. உள்ளே வரும்போதே, "அந்த ஆஸ்பத்திரிச் சரக்கு எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு மணிக்கு ஃபாக் பெல் தீர்ந்துபோனது. வந்து ஏமாந்தவர்கள் அடுத்தது எப்போது வரும் என்று பெயர் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்.

டெல்ஃபினாவுக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, சங்கடமும் தாங்கவில்லை. "ரோவீனா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாதிரி இன்னும் ரெண்டு ஜாடிக்கு எழுதினீங்கன்னா கடைக்குக் கூரை மாத்திடலாம்."

ரோவீனா முக்காலியிலிருந்து இறங்கிப் போய் வெற்று ஜாடியிலிருந்து அட்டையை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். எச்சரிக்கை என்று எழுதியது விளம்பரமாகிவிட்டது. பயமுறுத்தினால் பயப்படுகிறவர்கள் ஏற்கெனவே பயந்தவர்கள்தான். மற்றவர்களுக்கு அது திருவிழா ராட்டினம். உயரம் எத்தனை என்று எழுதினால் ஏற வரிசையில் நிற்பார்கள். பேருந்து ஓட்டிய நாளில் அவளுக்கு இது தெரிந்திருந்தது. "ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் கை போய்விடும்" என்று சொன்ன அன்றுதான் எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சளி இறங்கியிருந்தது. லைல் தனக்கென்று வைத்திருந்ததில் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே உட்காருகிறேன் என்றான். வேண்டாம், வாசலில் வண்டியில் இரு என்றாள் அவள். கடிகாரம், ஊசி, நூல், ஆரஞ்சு. இரண்டு இழுப்பு என்ற வழக்கத்தை முதல் முறையாக மாற்றி ஒரே இழுப்பு.

ஐந்து நிமிடம்: ஒன்றுமில்லை. பத்து: ஒன்றுமில்லை, ஊசியில் நூல் ஒரே குத்தில் ஏறியது. பதினைந்து: நாக்கில் மிளகின் காரம் மட்டும். பதினேழாவது நிமிடத்தில் கை இன்னொரு இழுப்புக்காகத் தானாகவே நீண்டது. அதை நிறுத்தி, அந்த நிமிடத்தை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். ஆபத்து எங்கே என்று அங்கேதான் அவளுக்குப் பிடிபட்டது. இது ஏறுகிறபோது சொல்லிக்கொண்டு ஏறுவதில்லை.

இருபத்திரண்டாவது நிமிடம் அது வந்தது. வெயில் ஏறுகிற மாதிரி வரவில்லை. கடலிலிருந்து பனிமூட்டம் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறபோது ஒரு நிமிடம் எதிர்மலை தெரியும், அடுத்த நிமிடம் தெரியாது, அப்படி. இருதயம் காதுக்குள் அடித்தது. சுவர் தள்ளிப் போனது. இது வெறும் பூ, இரண்டு மணி நேரத்தில் இறங்கும் என்று தெரிந்த அவளுக்கே ஒரு கணம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அது தெரியாத ஹாலிஸ் சரளைக் கல்மேல் நின்றிருக்கிறார், கையில் பிடிக்க எதுவும் இல்லாமல். எழுந்து நிற்கக் கூடாது. எழுதினாள்: எழுந்து நிற்கக் கூடாது.

நாற்பது நிமிடத்துக்கு மேல் அது அமைதியானது. வருடக்கணக்காக வலித்துக்கொண்டிருந்த இடது முட்டி அங்கே இருப்பதே மறந்துபோனது. பூ நல்ல பூதான். லைல் நான்கு வருடம் வீணாக்கவில்லை. ஆரஞ்சு உரிபடாமலே கிடந்தது. ஐடெல்லாவுக்குப் போன் போட்டாள்.

ஐடெல்லா நாலு வார்த்தை கேட்டுவிட்டு, "நீ யார்கிட்டயோ மன்னிப்புக் கேக்கணும் போல இருக்கு" என்றாள். "என்கிட்ட இல்ல, என்கிட்ட நீ கேக்கமாட்டேன்னு தெரியும். வேற யார்கிட்டயோ."

திங்கட்கிழமை மதியம் ரோவீனா குரம் வீட்டுக்குப் போனாள். சிவப்பு மரங்களுக்கு நடுவில் தகரக் கூரை வீடு. கதவைத் திறந்த வெர்னா உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளறத் திரும்பியதைத்தான் ரோவீனா அழைப்பாக எடுத்துக்கொண்டு நுழைந்தாள்.

ஹாலிஸ் சாய்வு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாக எதுவும் எடுக்காததால் முதுகு அவரை மடக்கி வைத்திருந்தது. நெற்றியில் கட்டு.

"வா ரோவீனா" என்றார். "உன்னால இவளுக்கு ஒரு வேலை மிச்சம். இனி என்னைத் திட்ட வேணாம், நெத்தியப் பார்த்தாலே போதும்."

ரோவீனா உட்காராமலேயே சொன்னாள். தனக்குச் சளி என்பதையும், கடையில் அவசரம் என்பதையும் சொல்லவில்லை. எண் பொய் என்று நினைத்தேன், பார்க்காமல் எழுதினேன், நேற்றுப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு நோட்டிலிருந்ததைப் படித்தாள். இருபத்திரண்டாவது நிமிடத்துக்கு வந்தபோது ஹாலிஸ் நிமிர முயன்றார்.

"காதுக்குள்ள இருதயம் அடிச்சுதா?"

"அடிச்சுது."

"சுவரு தள்ளிப் போச்சா?"

"போச்சு."

அவர் மனைவியைப் பார்த்தார். தனக்கு மட்டும் நடந்ததல்ல என்பதில் அவருக்கு ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்தது போல முகம் மாறியது. நான்கு நாளாக அவர் கிழவன் ஆகிவிட்டேன், மூளை கழன்றுவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

வெர்னா கரண்டியை வைத்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். "சரி. என்ன எழுதப் போறீங்க, காட்டுங்க" என்றார்.

ரோவீனா புதிய ஏழு வரியை நீட்டினாள். சனிக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகும் பழைய அட்டையின் எச்சரிக்கையை விட அவளுக்கு மனம் வரவில்லை. வெர்னா மரம் அறுக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் பாதுகாப்பு அறிவிப்புகள் எழுதியவர். அங்கே பெரிய ரம்பத்தருகே இன்னும் தொங்குவது அவர் எழுதிய பலகைதான். பென்சிலை வாங்கினார். முதலில் 'மிகவும் பலமானது' என்பதை அடித்தார். 'மருத்துவமனை' என்பதை அடித்தார்.

"இத எழுதினா அவனுங்களுக்கு அது மிட்டாய். ஆலையிலயும் இப்படித்தான். 'கை போயிடும்'னு எழுதினப்ப எவனும் கேக்கல. 'நிறுத்தும் பொத்தான் வலது பக்கம் இருக்கு'ன்னு எழுதினேன். கேட்டானுங்க." பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எத்தனை வரி படிப்பீங்க? நெசமாச் சொல்லுங்க."

ஹாலிஸ் கட்டை விரலால் தாடையைத் தேய்த்தார். "மொத வரி. அப்புறம் ரோவீனாவக் கேப்பேன்."

"அப்ப எல்லாம் மொத வரில இருக்கணும்."

அரை மணி நேரம் ஆயிற்று. பீன்ஸ் அடிப்பிடிக்கிற மணம் வந்தபோதும் வெர்னா எழுந்திருக்கவில்லை, ரோவீனாதான் போய் இறக்கினாள். முடிவில் அட்டையில் நின்றது இது: "ஒரு இழுப்பு, பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்தே இருங்கள். கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது, அது இதன் சுபாவம். அப்போது இன்னொரு இழுப்பு வேண்டாம். இருதயம் வேகமாக அடிக்கும், அடங்கிவிடும். அடங்காவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ உதவிக்குக் கூப்பிடுங்கள். முதல் தடவை பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். முட்டி வலிக்கு நல்லது." படித்துப் பார்த்தால் சலிப்பாக இருந்தது. யாரும் படம் எடுக்கமாட்டார்கள். ரோவீனா இதுவரை எழுதிய நூற்று எண்பதில் ஒன்றுகூட இத்தனை சப்பென்று இருந்ததில்லை.

"இது விக்காது" என்றாள்.

"விக்க வேணாமே" என்றார் வெர்னா.

பிறகு யாரும் புதன்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. நாட்காட்டி சமையலறைச் சுவரில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. ரோவீனா சோள ரொட்டி சாப்பிட்டாள். மழை எப்போது வரும் என்று பேசினார்கள். கிளம்ப எழுந்தபோது வெர்னா அவளை நிறுத்தினார்.

"உங்க கடையில இருக்கறதுலயே கொறைச்சல் எது?"

ஒன்பது சதவீதத்தில் ஒரு ரகம் இருக்கிறது என்றாள் ரோவீனா. மேல் தட்டில், கடைசியில். எண் சின்னது என்று யாரும் சீண்டுவதில்லை. மாதம் ஒருமுறை டெல்ஃபினா தூசி தட்டுவாள்.

"அத இழுத்துப் பார்த்தீங்களா?"

"மூணு தடவ. ஆரஞ்சு ஒரே சுருளா வந்தது."

ஆரஞ்சு எதற்கு என்று வெர்னா கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து ஹாலிஸ் கேட்டார். "எத்தனை இழுப்பு?"

ரோவீனா வாயைத் திறப்பதற்குள் வெர்னாவே சொன்னார். "ஒண்ணு. நான் பக்கத்துல கடிகாரத்தோட உக்காந்திருப்பேன். கொட்டகையில இல்ல, இங்க, இந்த நாற்காலில." தொலைபேசியை எடுத்து டாக்டரின் அலுவலகத்தைக் கூப்பிட்டார். புதன்கிழமை வரமுடியவில்லை, இரண்டு வாரம் தள்ளி வேறு நாள் கொடுங்கள், அவருடைய முதுகுக்கு வேறு ஒன்றைப் பரிசோதித்துப் பார்க்கிறோம், அதைப் பற்றியும் டாக்டரிடம் பேச வேண்டும் என்றார். எதிர்முனை ஏதோ கேட்டது. "இல்லம்மா, ரத்து இல்ல. தள்ளி வைக்கச் சொன்னேன்" என்று அழுத்திச் சொன்னார்.

வைத்துவிட்டு நாட்காட்டியில் புதன்கிழமையை அடித்தார். இரண்டு வாரம் தாண்டிய வியாழனில் வட்டம் போட்டார். ரோவீனாவைப் பார்க்காமலேயே பேசினார்.

"நாளைக்கு அந்த ஒம்போதக் கொண்டு வாங்க. நாலு மணிக்கு. அட்டையோட."